மூன்றாவதாக நிற்பவர்

எங்கள் பகுதியில் மனிதர்களுடைய சான்றிதழ் உண்மையானது என்று சொல்லும் அதிகாரம் ஒரு மாட்டு டாக்டரிடம் இருந்தது. கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் ஜெராக்ஸ் செல்லும் என்றிருந்த நாட்கள் அவை. காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்ட ஆபீசர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய ஆபீஸ் என்றால் பியூன், பெஞ்சு, 'ஐயா மீட்டிங்ல இருக்காரு' என்று நாலு தடையைத் தாண்டியாக வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் அந்தத் தொல்லை இல்லை. மாடே நேராக உள்ளே போகிற இடத்தில் மனிதனை யார் தடுக்கப் போகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஓரிக்கை போகிற சாலையில் என் ஜெராக்ஸ் கடை. ஆறு வருடம் நடத்தினேன். அந்த டாக்டர் என் வியாபாரத்துக்கு வரமாகவும் இருந்தார், பாதி நாள் தலைவலியாகவும் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், 'எத வச்சு எழுதின, என் சர்ட்டிபிகேட்ட பாத்தியா?' என்று கேட்கக்கூடியவர்.

முசரவாக்கத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கறுத்த, உயரமான உருவம். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தே வைத்திருப்பார். எந்த நேரம் எந்த மாட்டுக்குள் கை விட வேண்டியிருக்கும் என்று தெரியாதல்லவா. அவரிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. மாட்டுக்கு மருந்துச் சீட்டு உட்கார்ந்தபடியே எழுதுவார். மனிதர்களின் சான்றிதழில் கையெழுத்துப் போட மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். மேஜை தாழ்வு, ஆள் உயரம். குனிந்து, கஷ்டப்பட்டு, நின்றுகொண்டுதான் போடுவார். பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை எழுந்திருப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் காரணம் கேட்பார்கள். எனக்கு என்ன தெரியும். இடுப்பு வலி என்று சொல்லி வைத்தேன். சிலரிடம், அவர்கள் கேட்ட தோரணையைப் பொறுத்து, மூலம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் கன்றுக்குட்டியோடு வந்த அம்மாள் ஒருத்தி இடுப்புக்குத் தேய்க்க ஒரு பாட்டில் தைலத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் அந்தப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டெஸ்ட் என்றால் என்ன தெரியுமா என்று கேட்டார். அவரிடம் தடிமனான ஒரு இங்கிலீஷ் அகராதி இருந்தது. முன் அட்டை போய்விட்டது. குடற்புழு மருந்து பாட்டில்களுக்கு நடுவே அதுவும் ஒரு மருந்தாக அலமாரியில் நிற்கும். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று அதில் போட்டிருக்குமாம். மாடு கன்று போடக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் அதைத்தான் படிப்பார். காலேஜில் படித்தபோது, தடுப்பூசி போடுவதற்கான 'வேக்சினேட்' என்ற சொல்லுக்குள் மாடு இருக்கிறது, லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு என்று ஒரு வாத்தியார் சொன்னாராம். "ஒலகத்துக்கே ஊசி போடற வார்த்தைக்குள்ள நம்ம மாடு நிக்குதேன்னு அன்னிக்கு ஆரம்பிச்சதும்மா" என்றார்.

அட்டெஸ்ட்டும் லத்தீன்தான். 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி. அந்தச் சாட்சி என்ற சொல்லையே இன்னும் பிரித்தால், மூன்று என்பதும் நிற்பது என்பதும் சேர்ந்தது. இரண்டு பேருக்குள் ஒரு விஷயம் நடக்கிறது. பக்கத்தில் மூன்றாவதாக ஒருவன் நின்று பார்க்கிறான். அவன்தான் சாட்சி.

"மூணாவதா நிக்கறவன்னுதான் அர்த்தம். அப்பறம் எப்படிம்மா உக்காந்துக்கினு போடறது?"

சொல்லிவிட்டு உடனே, அகராதியில் 'இருக்கலாம்' என்றுதான் போட்டிருக்கிறது, நிச்சயமாகச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். லத்தீன்காரன் பேசும்போது நான் கூட இல்லையே என்றார். இதுதான் அவர். ஒரு சொல்லுக்கு வேர் சொன்னாலும் தான் பார்த்த அளவுக்கு மேல் ஒரு இம்மி சொல்ல மாட்டார். பள்ளிக்கூடத்து டெஸ்ட்டும் இதே டெஸ்ட்தானா என்று நான் கேட்டேன். அது வேறு குடும்பமாம். அது மண்சட்டியாம். தங்கத்தையும் வெள்ளியையும் சட்டியில் உருக்கித் தரம் பார்ப்பார்களாம், அதிலிருந்து வந்ததாம். பரீட்சை என்ற பேச்சே எனக்கு ஆகாது. டீ வருகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அசலைப் பார்க்காமல் அவரிடம் கையெழுத்து வாங்கினவர் எவரும் இல்லை. அசலை விரல் வைத்து வரிவரியாகப் படிப்பார். அதுவும் வாய்விட்டு. அந்தக் குரல் சாலையைத் தாண்டி என் கடை வரைக்கும் கேட்கும். யார் மகன் எந்தப் பாடத்தில் எத்தனை என்பது எனக்கும், பக்கத்துப் பஞ்சர் கடைக்கும், கட்டியிருக்கும் எருமைக்கும் தெரிந்துவிடும். பிறகு ஜெராக்ஸைப் படிப்பார். பிறகு ஆளின் முகத்தைப் பார்ப்பார். பத்துப் பிரதி என்றால் பத்தையும் படிப்பார். என் மிஷின் எடுத்தது, பத்தும் ஒன்றுதான் சார் என்று ஒருமுறை நேரில் போய்ச் சொன்னேன். மிஷின் அப்படிச் சொன்னதா என்று கேட்டார். எனக்கு ரோஷமாகிவிட்டது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பெண்ணின் பிரதியோடு அவரே வந்தார். அசலில் எழுபத்து மூன்று, பிரதியில் எழுபத்து எட்டு. மிஷின் மூடியைத் திறந்து பார்த்தால் கண்ணாடியில் பட்டு இழைத் துணுக்கு ஒன்று வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் தறி ஓடுகிறது. என் புடவையில், தலைமுடியில், சில நாள் சோற்றில் கூட இழை கிடக்கும். அது மூன்றின் திறந்த பக்கத்தை மூடி எட்டாக்கிவிட்டது. அவர் இழையை விரலால் எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொரு நாள் ஒருவர் இறந்துபோன மாட்டின் காதை, இன்ஷூரன்ஸ் வில்லையோடு, பையில் போட்டுக் கொண்டு வந்தார். மாடு செத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். டாக்டர் அந்தக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத மட்டும் கொணாந்தா காது செத்துதுன்னுதான்பா எழுத முடியும்" என்றார். சொன்ன கையோடு பைக்கை எடுத்தார். அந்த மனிதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வரை போய், புதைப்பதற்கு முன்னால் மாட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதிக் கொடுத்தார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறவர் இல்லை அவர். தானே எழுந்து போய்ப் பார்ப்பவர். இது எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக நோட்டீஸ் வந்தது. பத்தாவது தேறியிருந்தால் போதும். எனக்கு அந்த வேலை வேண்டும். ஜெராக்ஸ் கடையில் நின்று நின்று ஊரில் உள்ளவர்கள் வேலைக்கெல்லாம் விண்ணப்பம் எடுத்துக் கொடுத்தாயிற்று, ஒன்றாவது என் பெயரில் இருக்கட்டும் என்ற ஆசை. கடைசித் தேதி வரை தள்ளிப் போட்டேன். தள்ளியதற்குக் காரணம் இருந்தது.

நான் பத்தாவதில் கணக்கில் தவறியவள். முதல் தடவை இருபத்தொன்பது. சில மாதம் கழித்து மறுபடி எழுதித்தான் தேறினேன். ஆகவே எனக்கு இரண்டு மார்க் ஷீட். பெண் பார்க்க வந்தபோது என் அத்தை, ஒரே மூச்சில் பாஸ், கணக்கில் புலி என்று சொல்லி வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் எட்டாவதோடு படிப்பை விட்டு நெசவுக்குத் தறிக்குழியில் இறங்கியவர். அவர் அதை அப்படியே நம்பினார். நம்பியதோடு விட்டாரா? எத்தனை இழைக்கு ஒரு பூ, எத்தனை முழத்துக்கு எத்தனை பூ என்று தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் அனுப்புவார். "எங்க வீட்ல கணக்கு அவதாம்பா" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பது வருடமாக அந்த முகத்தைப் பார்த்தபடி நான் அந்த இரண்டு தாளையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு மேல் பலகையில் ஒளித்து வைத்திருந்தேன்.

கடைசி நாளன்று காலை பார்த்தால் பலகையில் கவர் இல்லை. அப்போதுதான் பத்து நாளைக்கு முன் வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. நெய்த வரைக்கும் புடவையைத் தறி மரத்தில் சுருட்டும்போது ஜரிகை உரசாமல் இருக்க நடுவே தடித்த தாள் ஏதாவது வைப்பது வழக்கம். பழைய காலண்டர், அட்டை, எது கிடைத்தாலும். பலகையில் ஒரு கவர் கிடந்தது, நல்ல கனம், நன்றாக நின்றது என்று சாப்பிடும்போது மெச்சிக்கொண்டார். நானும் காது கொடுக்காமல் தலையாட்டியிருக்கிறேன். என் படிப்பு முழுவதும் ஒரு முகூர்த்தப் புடவைக்குள் நாலு முழத்துக்குக் கீழே சுருண்டு கிடந்தது.

கடையில் அவற்றின் பிரதிகள் இருந்தன. மிஷின் வாங்கிய அன்று ஓடுகிறதா என்று பார்க்க எடுத்தவை. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ஆறு வருடப் பழக்கம், தினமும் ஒரே டீக்கடை டீ. என்னைத் தெரியாதா? அசல் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும் என்றேன். உங்களுக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா என்றேன். நம்பிக்கை இருக்கிறதாம், ஆனால் முத்திரையில் நம்பினேன் என்று இல்லையாம், அசலோடு ஒப்பிட்டேன் என்றுதான் இருக்கிறதாம். எங்கேதான் வைத்தாய் என்று கேட்டார். ஆத்திரத்தில், தறியில் சுருட்டிக் கிடக்கிறது, எடுத்தால் புடவை கெடும் என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு விடுவார் என்று பார்த்தால், அவர் முகம் தெளிந்துவிட்டது.

"மாட்டு வயித்துக்குள்ள இருக்கறதையே கைய வுட்டுப் பாக்கறோம். தறியில இருக்கறத பாக்க முடியாதா?"

மத்தியானம் முத்திரை, மைப்பெட்டி, பச்சைப் பேனாவோடு எங்கள் வீட்டு வாசலில் பைக் நின்றது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். நான் வாயைத் திறப்பதற்குள், உங்க வீட்டம்மா மார்க் ஷீட் தறிக்குள் இருக்கிறதாம் என்று வீட்டுக்காரரிடம் அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நெய்து முடிக்கும் முன் தறியைத் தளர்த்தினால் புடவையில் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், நெய்யக் கொடுத்த முதலாளி கட்டாயம் கேட்பார். தெரிந்தும் வீட்டுக்காரர் குழியிலிருந்து எழுந்து பாவு நூலை இழுத்துக் கட்டிய கயிற்றைத் தளர்த்தினார். புடவையின் ஒரு ஓரம் நான், மறு ஓரம் அவர். டாக்டரும் பிடிக்க வந்தார். "நீங்க சும்மா நில்லுங்க சார், போதும்" என்றார் வீட்டுக்காரர்.

அரக்குச் சிவப்பு சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. அந்தக் கவர் வெளியே வராமலே போகட்டும் என்று எல்லா சாமியையும் வேண்டினேன். எங்கள் ஊரில் சாமிகளுக்குக் குறைச்சலா, ஒருவரும் காது கொடுக்கவில்லை. கவர் இஸ்திரி போட்டாற்போல வந்து விழுந்தது. டாக்டர் இரண்டு தாளையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், விரல் வைத்து, வழக்கப்படி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

பெயர். அப்பா பெயர். தமிழ் எழுபத்தொன்று. இங்கிலீஷ் நாற்பத்திரண்டு. அடுத்த வரியில் விரல் போனது.

"கணக்கு, இருபத்தொம்போது."

நான் புடவையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஆறு வருடம் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று மற்றவர்களின் மார்க்கைக் கேட்டுச் சிரித்தவள் நான். டாக்டர் அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் படித்து முடித்து, இரண்டாவது தாளை மேலே வைத்தார்.

"கணக்கு, அறுபத்தொண்ணு. தேர்ச்சி."

"அறுபத்தொண்ணா சார்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாம்பா. அறுபத்தொண்ணு."

"டபுளுக்கும் மேல" என்றார் வீட்டுக்காரர். அவர் ஒரு கணக்கைத் தானாகப் போட்டு நான் கேட்டது அன்றுதான்.

டாக்டர் பிரதிகளைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், ஜன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். காய வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல், ஏதோ ஒரு ஆடு காத்திருக்கிறது என்று போய்விட்டார். நாலரை மணிக்கு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். வாங்கியவர் பச்சைக் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பின் குத்தி அடுக்கில் வைத்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறந்ததும் சண்டைக்குப் போனேன். எல்லாம் சரி சார், என் வீட்டுக்காரர் முன்னால் அந்த ஒரு வரியை மனசுக்குள் படித்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். நியாயம் சொல்வார், லத்தீன் சொல்வார் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"படிச்சிருக்கலாம்மா" என்றார். "தோணவே இல்லியே."

அவர் முகம் வாடிவிட்டது. வீட்டில் ஏதும் சங்கடமாகிவிட்டதா, நான் வந்து பேசட்டுமா என்று கேட்டார். இந்த மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று டீ என் கணக்கில் அனுப்பினேன்.

வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். எனக்கு உத்தரவு வந்த சமயத்தில் அவருக்கும் தெற்கே எங்கோ மாறுதல் வந்தது. கடையை நான் வேறொருத்திக்குக் கைமாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் தன் பிரதிக்குத் தானே கையெழுத்துப் போட்டால் போதும் என்றாகிவிட்டது, நல்லதுதான், பிள்ளைகள் அலைய வேண்டாம். டாக்டர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவரை நினைத்தால் இப்போதும் கோபமும் சிரிப்பும் ஒன்றாகத்தான் வருகிறது, அதற்குமேல் ரொம்பப் பிரியமும் வருகிறது.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சொல்லியிருக்க வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டுக்காரர் தறியைப் பழையபடி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கோடு விழத்தான் விழுந்திருந்தது. நான் அத்தை சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லத் தயாராக வந்திருந்தேன். அவர் அதில் எதையும் கேட்கவில்லை. கயிற்றை முடிந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ரெண்டாவது வாட்டி எழுதப் போனப்ப, கூட யாரு வந்தாங்க?"

"யாரும் வரல. அப்பா பேசறதையே வுட்டுட்டாரு. நானேதான் பஸ் ஏறிப் போய் எழுதிட்டு வந்தேன்."

முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது.

"அப்ப எனக்கு உன்னத் தெரியாம போச்சேம்மா" என்றார்.